வில்லுக்கு எந்த மரம்? கேள்வி பதில்

மல்லாவி: அண்ணை, வில்லுக்குப் பாலை நல்லதோ, முதிரை நல்லதோ? ரெண்டும் வளவில நிக்குது.

பதில்: சமண்டலை கிடைக்குமோ பாருங்கோ. வெளிநாட்டில் 'திருகோணமலை மரம்' என்று பேரெடுத்தது அதுதான். சென்னைக் கரையின் மசூலாப் படகுகளுக்கும் பலகையாய்ப் போனது. நார் நேராக ஓடும், வளைந்து மீளும்.

முதிரையின் நார் பின்னி ஓடும். அந்தப் பின்னல் தளபாடத்துக்கு அழகு, வில்லின் முதுகுக்கு ஆபத்து. இலக்கைப் பார்க்கிற பக்கம் முதுகு, அது இழுபடும். எய்பவரைப் பார்க்கிற பக்கம் வயிறு, அது நசிபடும். முதுகில் நார் குறுக்கே அறுந்த இடத்தில்தான் வெடிப்புத் தொடங்கும். பாலை தண்ணீரில் தாழுகிற பாரம், நசிவை நன்றாகத் தாங்கும். அதன் முதுகில் 3–4 மில்லிமீற்றர் மூங்கில் சிலாகை ஒட்டினால் நல்ல வில் வரும். மூங்கிலின் தோல் வெளிப்பக்கம் இருக்கட்டும். கணுவைத் தட்டையாகச் சீவ வேண்டாம். சொந்த வளவு மரமென்றாலும் அனுமதிபற்றி விசாரிக்காமல் வெட்டாதீங்கோ.

ஒட்டுசுட்டான்: பச்சையா இருக்கேக்க வளைச்சுக் கட்டினால்தானே வளைவு நிக்கும்?

பதில்: நிற்கும், அதுதான் பிழை. வில் மீள வேண்டும்.

துணுக்காய்: எங்கட பக்கம் பெடியள் பச்சைத் தடியிலதான் செய்யிறவை. ஒண்டும் முறியேல்லை.

பதில்: முறியாது. வயிற்று நார் நசிந்து மடங்கிப் போகும். நாணைக் கழற்றினாலும் நேராகாது, அம்பு வேலியைத் தாண்டாது.

துணுக்காய்: காய்ஞ்ச தடிதான் வெடிக்கும் அண்ணை.

பதில்: காயவிட்ட விதம் பிழையென்றால் வெடிக்கும். 4 அங்குல விட்டமுள்ள, முறுக்கில்லாத தடியை ஆப்பு வைத்துப் பிளவுங்கோ. வாள் நாரைப் பாராது. பிளவு நாரோடேயே போகும். பட்டையை உரிக்கும்போது அதற்கடியில் இருக்கிற மரத்தில் கத்தி படக்கூடாது, அந்த மேற்பரப்புத்தான் முதுகு. இரண்டு தலைப்புக்கும் பெயின்ற் பூசி, நிழலில், நிலத்தில் படாமல் வையுங்கோ. சோளகக் காற்று நேரே அடிக்கிற இடம் கூடாது. கிழமைக்கொருக்கால் நிறுத்து எழுதுங்கோ. மூன்று கிழமை நிறை மாறாவிட்டால் வேலையைத் தொடங்கலாம். முதுகைத் தொடாமல் வயிற்றுப் பக்கத்தை மட்டும் சீவி, பிடிக்கு மேலும் கீழும் உள்ள வில்லின் இரண்டு கையும் ஒரே அளவாய் வளையும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கோ.

ஒட்டுசுட்டான்: நெருப்பில வாட்டினால்?

பதில்: காய்ந்த பிறகு, வயிற்றுப் பக்கம் மட்டும், கோணல் எடுக்க. பச்சைத் தடிக்கு அதுவும் உதவாது.

நெடுங்கேணி: பழைய கூரைப் பனஞ்சிலாகை கிடக்குது. ஆகுமோ?

பதில்: ஆகும், நல்ல கேள்வி. பனைக்கு ஆண்டு வளையம் இல்லை. வெளிப்பக்கம் கறுப்பு நார் நெருக்கம், உள்ளே போகப் போகச் சோற்றி. வைரம் பாய்ந்த வெளிப்பக்கத்தை முதுகாக வையுங்கோ. ஆணித்துளை உள்ள துண்டை ஒதுக்குங்கோ. நார் சிலாம்பாய்க் கிளம்பும். முதுகைத் தேய்த்து, பசை பூசி, இடைக்கிடை நூலால் வரிந்து கட்டுங்கோ. சண்டை நடந்த இடத்து மரத்தில் ஷெல் துண்டு புதைந்திருக்கும். வாளுக்கும் கண்ணுக்கும் கேடு. கறுப்புக் கறையோ மூடின காயமோ தெரிந்தால் அந்தத் தடி வேண்டாம்.

செட்டிகுளம்: தேக்கு?

பதில்: வேண்டாம், நொறுங்கும்.

கிளிநொச்சி: வேம்பு, புளி?

பதில்: நார் பின்னல். முதல் பதிலைப் படியுங்கோ.

பரந்தன்: முதிரை நல்லதோ?

பதில்: மேலே சொல்லியாச்சு.

மாங்குளம்: பேர் தெரியாத தடியை எப்படிச் சோதிக்கிறது?

பதில்: காய்ந்த தடியில் 1 சென்ரிமீற்றர் சதுரம், 60 சென்ரிமீற்றர் நீளத்தில் ஒரு குச்சி சீவி, முறியும்வரை வளையுங்கோ. நீளச் சிலாம்பாய்க் கிழிந்தால் நல்லது. கரட் முறிகிற மாதிரி முறிந்தால் விறகுக்குத்தான். 28 அங்குல இழுப்புக்கு வில் 66–68 அங்குலம், அகலம் ஒன்றரை அங்குலம் தேவை; அந்த அளவுக்கு முடிச்சில்லாத தடியா என்றும் பாருங்கோ.

முள்ளியவளை: பன்றிக்கு எத்தனை றாத்தல் வில்?

பதில்: வேட்டைக் கேள்விக்குப் பதில் தரமாட்டன். இலக்குக்கு எய்ய 30 றாத்தல் இழுவிசை காணும்.

பரந்தன்: செய்து முடிச்சிட்டன். அம்பு இன்னும் இல்லை. சும்மா இழுத்து விட்டுப் பாக்கட்டோ?

பதில்: விடாதீங்கோ! அம்பு வாங்க வேண்டிய விசை முழுக்க மரத்துக்குள் திரும்பி வில்லை வெடிக்க வைக்கும், துண்டு முகத்துக்கு வரும். அம்பு வரும்வரை நாணைக் கழற்றி, படுக்கையாய் வையுங்கோ.