வருமான வரி வந்தது, மதுவிலக்கும் வந்தது

கே: எங்கள் நீலகிரியில் காலி மதுபாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் தருகிறார்கள். கடையையே மூடுங்கள் என்றால், அரசுக்கு வருமானம் போய்விடும் என்கிறார்கள். அமெரிக்கா 1920ல் எப்படி மூடியது?
- வாசகி, கோத்தகிரி

ப: அங்கேயும் முதலில் இதே பேச்சுதான். மத்திய அரசின் வருவாயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மது வரி. 1913ல் வந்த அரசியல் சட்டத்தின் 16வது திருத்தம் வருமான வரிக்கு வழிவிட்டது. ஆண்டுக்கு 3,000 டாலருக்கு மேல் சம்பாதித்தால் 1 சதவீதம், பெரும் பணக்காரர்களுக்கு 7 வரை. கஜானாவுக்கு மாற்று வழி கிடைத்ததும் மதுவிலக்குக்காரர்கள் அரசியல் சட்டத்தையே திருத்தக் கிளம்பினார்கள். மதுக்கடைகளை எதிர்த்த ஆன்டி சலூன் லீக் என்ற அமைப்பு, வேட்பாளர் எந்தக் கட்சி என்று பார்க்கவில்லை. அவர் மதுவிலக்கை ஆதரிப்பாரா என்று மட்டும் பார்த்தது. அவர்களின் பெரிய பலமே அதுதான். 48 மாநிலங்களில் 36 சம்மதிக்க வேண்டும். 1919 ஜனவரி 16ல் அந்த எண்ணிக்கை எட்டியது. ஓராண்டு கழித்து, 1920ல் தடை அமலுக்கு வந்தது.

ஓட்டை சட்டத்திலேயே இருந்தது. தயாரிப்பது, விற்பது, கொண்டுசெல்வது குற்றம், குடிப்பது குற்றமில்லை. டாக்டர் சீட்டு இருந்தால் மருந்துக்கடையில் விஸ்கி கிடைத்தது! தொழிற்சாலை எரிசாராயத்தில் மெத்தனால் என்ற விஷம் கலந்திருக்கும். அதைத் திருடி, சரியாகப் பிரிக்காமல் விற்றதில் கண் போனவர்களும் உயிர் போனவர்களும் ஏராளம். 1929 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு வருமான வரி வசூல் விழுந்தது. மது வரிப் பேச்சு மறுபடி கிளம்பியது. 1933 டிசம்பர் 5ல் தடை நீங்கியது.