கருவையில் நார் வேண்டாம், சாயம் எடுங்கள்

கேள்வி: சாயல்குடி பக்கம் கடலோரக் கிராமம் எங்களுடையது. மகளிர் குழுவில் 12 பேர் இருக்கிறோம், பாதிப் பேருக்குத் தையல் தெரியும். கண்மாய், தரிசு என்று எங்கே பார்த்தாலும் சீமைக்கருவைதான். அதில் நார் எடுத்துத் துணி நெய்யலாம், இயற்கைச் சாயமும் எடுக்கலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தோம். உண்மையா? எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு. இதை நம்பித் தொழில் தொடங்கலாமா?

பதில்: சகோதரி, நாரை மறந்துவிடுங்கள். சாயம் எடுக்கலாம், அதுவும் நல்ல சாயம். தொழிலாகவும் செய்யலாம், ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

கருவைப் பட்டையில் நார் இருப்பது உண்மைதான். ஆராய்ச்சிக்கூடங்களில் அதை உரித்தெடுத்து, பிசினோடு சேர்த்துப் பலகை மாதிரியான கலவைப் பொருள் செய்து பார்த்திருக்கிறார்கள். ராட்டையில் நூற்று உடம்பில் உடுத்துவதற்கான நார் இல்லை அது, முரடு. மரத்தைக் கூழாக்கி விஸ்கோஸ் என்ற நூலிழை எடுக்கலாமே என்று யாராவது சொன்னால், அதற்குக் காஸ்டிக் சோடாவும் கார்பன் டைசல்பைடும் வேண்டும், பெரிய ஆலை வேண்டும், குழு வைத்துச் செய்கிற வேலையில்லை. வீடியோக்களில் வரும் ஆகாயத்தாமரைத் துணியும் நம் பக்கத்துக்கு ஒத்துவராது. அந்தச் செடியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர், வண்டி நிறைய வாரினாலும் காய்ந்த பிறகு கையளவுதான் மிஞ்சும். வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்கிற ஊர்க்காரர்கள் அதில் கூடையும் பாயும் முடையட்டும்.

துணிக்கு நீங்கள் தொலைவு போக வேண்டியதில்லை. பரமக்குடியிலும் எமனேசுவரத்திலும் கைத்தறி ஓடுகிறது. சாயம் போடாத பருத்தித் துணியாகவோ நூலாகவோ அங்கே வாங்குங்கள். சாயம் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும்.

இனி கருவை. பச்சை மரத்தைப் புதிதாக வெட்டும்போது அரிவாளைக் கவனித்திருக்கிறீர்களா? பட்டையின் ஈரம் பட்ட இடத்தில் கொஞ்ச நேரத்தில் நீலக்கறுப்பாய் ஒரு கறை படியும், துடைத்தாலும் லேசில் போகாது. பட்டையில் உள்ள துவர்ப்புச் சத்து, அதாவது டானின், அரிவாளின் இரும்போடு சேர்ந்ததால் வந்த நிறம் அது. நீங்கள் செய்யப்போகும் சாயத்தொழிலின் அடிப்படையே அவ்வளவுதான். டானின் பருத்தியை விடாமல் பிடித்துக்கொள்ளும், இரும்பு டானினைப் பிடித்துக்கொள்ளும். கடற்கரைக்கு இது புதிதும் இல்லை. நைலான் வலை வருவதற்கு முன்னால் பருத்தி வலை சீக்கிரம் மக்கிப்போகாமல் இருக்க மரப்பட்டையையும் துவர்ப்புக் காய்களையும் போட்டுக் காய்ச்சிய நீரில்தான் ஊறவைத்தார்கள், உங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

முதலில் தண்ணீர், ஏனென்றால் நம் பக்கத்தில் பாதிச் சாயவேலை கெடுவது இதில்தான். உவர்ப்பு என்கிறீர்கள். வெறும் உப்பு பெரிய தொந்தரவு செய்யாது, அதோடு கூடவே வரும் சுண்ணாம்பும் இரும்பும்தான் நிறத்தை மங்கடிக்கும். ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் பிடித்து ஒரு சிட்டிகை கடுக்காய்ப் பொடியைக் கலக்கி அரைமணி நேரம் வையுங்கள். மஞ்சளாகவே இருந்தால் சரி. சாம்பலாகவோ கறுப்பாகவோ திரும்பினால் அதில் இரும்பு இருக்கிறது, அந்தத் தண்ணீரில் என்ன செய்தாலும் எல்லா நிறமும் அழுக்காகத்தான் வரும். சோப்பு நுரைக்கவில்லை என்றால் சுண்ணாம்பு அதிகம். ஐப்பசி கார்த்திகை மழையில் கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்துவைத்துச் சாயத்துக்கு மட்டும் அதைச் செலவழியுங்கள், துணி அலசக் கிணற்றுத் தண்ணீர் போதும் (அதில் இரும்பு இல்லாவிட்டால்). ஊரணித் தண்ணீரும் நல்ல தண்ணீர்தான், ஆனால் அது ஊர் குடிக்கிற தண்ணீர், அதில் கைவைக்க வேண்டாம்.

ஒரு கிலோ பருத்தித் துணிக்கு அளவு சொல்கிறேன். கைத்தறித் துணியில் பாவுக்குப் போட்ட கஞ்சி இருக்கும், அது போகாமல் சாயம் ஏறாது, திட்டுத்திட்டாக நிற்கும். ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, 50 கிராம் சலவைச் சோடா போட்ட தண்ணீரில் ஒன்றரை மணி நேரம் வேகவையுங்கள். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறும், பயப்பட வேண்டாம், பருத்தியின் மெழுகும் கஞ்சியும்தான் வெளியே வருகிறது. நன்றாக அலசுங்கள். அலசிய துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்தாக நிற்காமல் உடனே உறிஞ்ச வேண்டும். நின்றால் மறுபடி வேகவையுங்கள்.

பச்சைப் பட்டை 2 கிலோ, காய்ந்தது என்றால் 1 கிலோ. வெட்டிய ஓரிரு நாளில் உரித்தால் வாழைமட்டை மாதிரி கையோடு வரும், காய்ந்துவிட்டால் கட்டையை விட்டு வராது, இடுப்பு ஒடிந்துவிடும். முள்ளைக் கழித்த கட்டையில் மட்டும் வேலை செய்யுங்கள், கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கருவை முள் குத்தினால் வீங்கிப் பல நாள் வலிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பட்டையைச் சிறு துண்டாக நறுக்கி ராத்திரி முழுக்க ஊறவிட்டு, ஊறிய தண்ணீரோடேயே ஒன்றரை மணி நேரம் சிறு தீயில் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். பாத்திரம் எவர்சில்வர். இரும்பு அண்டாவில் வைத்தால் கேட்காமலே கறுக்கும். வடித்த சாற்றோடு தண்ணீர் சேர்த்து 25 லிட்டராக்கி, ஈரத் துணியைப் போட்டு, கை பொறுக்காத சூட்டில் ஒரு மணி நேரம் புரட்டிப் புரட்டி வைத்து, அப்படியே ஆறவிட்டு மறுநாள் எடுங்கள். இப்போது வருவது பழுப்பு. கொஞ்சம் செம்மை கலந்திருக்கும், மரத்துக்கு மரம் மாறும். வயிரக்கட்டையின் சீவலையும் சேர்த்தால் நிறம் ஆழமாகும், அதில் மெஸ்கிட்டால் என்ற பொருள் நிறைய இருக்கிறது.

பழுப்பு மட்டும் போதும் என்றால், பட்டைச் சாற்றில் போடும் முன்பே துணிக்கு 200 கிராம் கடுக்காய்ப் பொடியில் ஊறல் கொடுத்துக் காயவைத்து, பிறகு 150 கிராம் படிக்காரக் கரைசலில் ஒரு ராத்திரி வையுங்கள். நிறம் தெளிவாகவும் துவைக்கத் தாங்கியும் நிற்கும்.

என் கருத்தில் கருவையின் அசல் நிறம் சாம்பலும் கறுப்பும்தான், பழுப்பு கொடுக்கப் பல மரம் இருக்கிறது. பட்டைச் சாயம் ஏறிய துணியை அலசி, 20 கிராம் அன்னபேதி (ஃபெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பு) கரைத்த ஆறின தண்ணீரில் பத்து நிமிடம் மட்டும் விட்டுக் கையெடுக்காமல் புரட்டுங்கள். தண்ணீரில் விட்ட இடத்திலிருந்து பழுப்பு ஓடிச் சாம்பல் ஏறுவது கண்ணெதிரே தெரியும், மடிப்பு எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் பழுப்பாகவே நிற்கும், அதனால்தான் கையை எடுக்கக் கூடாது என்கிறேன். எடுத்துக் காற்றில் உதறினால் இன்னும் ஒரு படி கறுக்கும். இன்னும் கறுப்பு வேண்டுமென்று அன்னபேதியை அள்ளிப் போடாதீர்கள். இரும்பு கூடினால் பருத்தி இற்றுப்போகும், ஒரு வருடத்தில் மடிப்பில் கிழியும், வாங்கியவர் உங்களைத்தான் திட்டுவார். கறுப்பு வேண்டுமென்றால் மறுபடி பட்டைச் சாறு, மறுபடி லேசான இரும்பு, இப்படி இரண்டு மூன்று முறை. அன்னபேதி உரக்கடையிலேயே கிடைக்கும். அதுவும் வேண்டாம் என்றால் கருப்பட்டி இருக்கிற ஊர்தானே நம்முடையது. துருப்பிடித்த ஆணி, லாடம் ஒரு கிலோ, கால் கிலோ கருப்பட்டி, 10 லிட்டர் தண்ணீர், மண்பானையில் மூடியை இறுக்காமல் இரண்டு மூன்று வாரம் புளிக்கவிட்டு வடித்துக்கொள்ளுங்கள். கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு இழுப்பதும் இந்த வகைக் கரைசலில்தான்.

இந்தச் சாம்பலுக்கும் கறுப்புக்கும் ஒரு பலவீனம் உண்டு. எலுமிச்சையோ புளித்தண்ணீரோ சிந்தினால் அந்த இடம் வெளிறும், புளிப்பு இரும்பைக் கழற்றிவிடும். அதனால் மேசைவிரிப்பு, கைத்துடைப்பான் என்று சமையலறைப் பக்கம் போகாதீர்கள். துப்பட்டா, பை, திரைச்சீலை, சட்டைத்துணி நல்லது.

மிச்சச் சாற்றை ஊரணியிலோ கடலிலோ ஊற்றக் கூடாது. பட்டைச் சாற்றையும் இரும்புத் தண்ணீரையும் ஒரு குழியில் கலந்து விட்டால் இரண்டும் சேர்ந்து கறுப்பு மண்டியாகப் படியும். சக்கையைக் காயவைத்து அடுப்பெரியுங்கள்.

சரி, அந்த நிபந்தனை. சீமைக்கருவை 1870களில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. 1960களில் விறகுக்காகத் தமிழ்நாட்டில் பரவலாக விதைத்தார்கள். அதற்குப் பிறகு நம் கண்மாய்கள் என்ன ஆயின என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொன்னது, 2022இல் அரசு அயல் தாவரங்களை அகற்ற ஒரு கொள்கையே கொண்டுவந்தது. ஆனாலும் மரம் போகவில்லை. ஒரு காரணம், அடியோடு வெட்டினால் தூரிலிருந்து பத்துக் கிளையாகத் துளிர்க்கிறது. இன்னொரு காரணம், கரிமூட்டம் போடும் குடும்பங்களுக்கு அதுதான் சோறு, அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, மழை பொய்த்த வருடங்களில் அந்தக் கரிதான் காப்பாற்றியது. ஆனால் உங்கள் தொழிலும் சேர்ந்து அந்த மரத்தை வாழவைக்கும் இன்னொரு காரணமாக ஆகிவிடக் கூடாது. எனவே பட்டையை மரம் வெட்டுபவரிடம் அல்ல, தூரோடு பிடுங்குகிற இடத்தில் மட்டும் வாங்குங்கள். கண்மாய் தூர்வாரும்போது, பிளாட் போடும்போது, மிளகாய்க் காட்டைத் திருத்தும்போது ஜேசிபி வரும் அல்லவா, அன்றைக்கு அங்கே போய் நில்லுங்கள். மரம் பிடுங்குகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தால் பட்டையை உரித்த பிறகுதான் கட்டை கரிக்குப் போகும், யாருக்கும் நஷ்டமில்லை. காய் தொங்கும் கிளையை வண்டியில் ஏற்றாதீர்கள், ஆடு மாடு தின்று போட்ட சாணத்திலிருந்தே முளைக்கிற விதை அது, நீங்கள் போகிற வழியெல்லாம் நட்டுக்கொண்டு போவீர்கள்.

மரம் தீர்ந்தால் தொழில் தீருமா என்று கேட்பீர்கள். தீராது. இதே பக்குவம் கடுக்காய்க்கும் ஆவாரம்பட்டைக்கும் நாட்டுக் கருவேலம்பட்டைக்கும் பொருந்தும், அளவு மட்டும் மாறும். நாட்டுக் கருவேலத்தை உயிரோடு உரிக்காதீர்கள், அது நம் மரம். சிவப்புச் சாயம் தரும் சாயவேரையும் தோண்ட வேண்டாம், ராமேசுவரம் மணலில் ஒரு காலத்தில் எடுத்த அந்தச் சிவப்பு இப்போது அரிது, வேண்டுமானால் விதை போட்டு வளர்த்துப் பாருங்கள். கடலிலும் ஓர் அயல் தாவரம் உண்டு. பாக் விரிகுடாப் பக்கம் வளர்க்கிற கப்பாபைகஸ் பாசி குருசடைத் தீவில் பவளப்பாறை மேல் படர்ந்ததை 2008இல் பதிவு செய்தார்கள். அதில் கிடைக்கும் காராஜீனன் என்ற பொருள் துணியில் அச்சுப்போடும் பசையைக் கெட்டியாக்க உதவும், வளர்ப்பவர்களிடமிருந்து வாங்கிச் சோதிக்கலாம். ஆனால் பாசி அள்ளத் தீவுப் பக்கம் போகாதீர்கள், அவை மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை.

தொழில் என்றால், முதலில் ஐந்து மீட்டர் துணியில் மூன்று நிறத்துக்கு மட்டும் மாதிரி எடுங்கள். ஒவ்வொன்றிலும் பாதியைக் கறுப்புத் தாளால் மூடி மொட்டைமாடி வெயிலில் இரண்டு வாரம் கிடத்துங்கள், இன்னொரு துண்டை வெள்ளைத் துணியோடு சேர்த்துப் பத்து முறை துவையுங்கள். கறுப்பு கொஞ்சம் வெள்ளையில் ஒட்டலாம், அதை வாங்குபவரிடம் சொல்லியே விற்க வேண்டும், தனியாகத் துவைக்கவும் என்று சீட்டும் போட வேண்டும். காஞ்சிபுரம், சேலம் நெசவாளர் சேவை மையங்களில் சாயப் பயிற்சி பற்றி விசாரியுங்கள், குழுவில் இரண்டு பேராவது போய்வருவது நல்லது. எந்த ஊரில் பிடுங்கிய மரம், என்ன மாதம், இரும்பு எத்தனை முறை என்று ஒவ்வொரு கொதிப்புக்கும் நோட்டில் எழுதி ஒரு துண்டுத் துணியையும் பக்கத்தில் தைத்துவைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் அதே சாம்பல் நிறத்தில் இன்னும் நாற்பது மீட்டர் கேட்கும்போது அந்த நோட்டு இல்லாமல் உங்களால் கொடுக்க முடியாது.