செமஸ்டர் ஸ்கூலுக்குப் பணம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

அமெரிக்காவில் ஹைஸ்கூல் பிள்ளைகள், பெரும்பாலும் பதினோராம் வகுப்பில், அரை வருடம் மட்டும் வேறு ஊரில் தங்கிப் படித்துவிட்டுத் தங்கள் பள்ளிக்கே திரும்புவார்கள். அதற்காக இருப்பவைதான் செமஸ்டர் ஸ்கூல்கள். வெர்மான்ட்டில் பண்ணை வேலையோடு பாடம் நடத்தும் மவுன்டன் ஸ்கூல், மெய்ன் கடற்கரையில் செவாங்கி, கொலராடோவின் லெட்வில்லில் ஹை மவுன்டன் இன்ஸ்டிட்யூட், பஹாமாஸின் எலூத்தரா தீவில் ஐலண்ட் ஸ்கூல் ஆகியவை நம்மவர்கள் அதிகம் விசாரிப்பவை. கட்டணம் பெரும்பாலும் 30,000 டாலருக்கு மேல், அதுவும் ஒரே ஒரு செமஸ்டருக்கு. நான் ஒரு தனியார் பள்ளியின் நிதியுதவிக் குழுவில் இருந்து விண்ணப்பங்களைப் படித்தவள். அதனால் பணம் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, கட்டணத்தைப் பார்த்ததுமே மூடி வைத்துவிட்டோம். உதவி கேட்டால் சீட்டே கிடைக்காது என்கிறார்களே, உண்மையா? (நியூ ஜெர்சி)

பள்ளிக்குப் பள்ளி மாறும். சிலர் பிள்ளையைத் தேர்ந்தெடுக்கும்போது பணத்தைப் பார்ப்பதே இல்லை. சிலர் கையிருப்பு தீரும் கட்டத்தில் பார்ப்பார்கள். "உதவி கேட்பது அட்மிஷனைப் பாதிக்குமா?" என்று நேரடியாகக் கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். உதவி இல்லாமல் கட்டவே முடியாது என்றால் மறைத்து என்ன பயன்? சீட்டு கிடைத்த பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அதற்குள் அந்த வருடத்து நிதியைப் பங்கிட்டு முடித்திருப்பார்கள். ஃபால், ஸ்ப்ரிங் எதுவானாலும் சரி என்றால் அதையும் எழுதுங்கள். ஒரு பருவத்தில் பணம் தீர்ந்திருந்தாலும் மற்றதில் மிச்சம் இருக்கலாம்.

பெரியவளுக்கு காலேஜுக்காக ஃபாஃப்சா என்ற அரசு நிதியுதவி விண்ணப்பம் போட்டோம். சின்னவனுக்கும் அதுவே போதுமா?

போதாது. ஃபாஃப்சா கல்லூரிக்கு மட்டும். இங்கே அரசுப் பணம் கிடையாது, பள்ளி தன் நிதியிலிருந்து கொடுக்கிறது. பல பள்ளிகள் எஸ்எஸ்எஸ் என்ற சேவை வழியாகப் பெற்றோரின் நிதி விவரத்தைக் கேட்கும். சில வேறு சேவையைப் பயன்படுத்தும். டாக்ஸ் ரிட்டர்ன், டபிள்யூ-2 (கம்பெனி தரும் வருடச் சம்பளச் சான்று) இரண்டையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். விண்ணப்பக் கடைசி நாளும் நிதியுதவிக் கடைசி நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, தனித்தனியாகப் பாருங்கள்.

நான் ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன், மனைவி என்னைச் சார்ந்த ஹெச்-4 விசாவில், அவருக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. எங்களுக்கெல்லாம் கொடுப்பார்களா? ஊரில் அப்பா அம்மாவுக்கும் மாதாமாதம் பணம் அனுப்புகிறேன். கோயம்புத்தூரில் ஒரு மனை இருக்கிறது, அதைக் காட்ட வேண்டுமா? (டெக்சஸ்)

அரசு உதவிக்கான குடியுரிமை நிபந்தனைகள் இங்கே தானாக வராது. யாருக்குக் கொடுப்பது என்பது அந்தப் பள்ளியின் முடிவு. ஹெச்-4 பிள்ளை பள்ளியில் படிக்கத் தடையும் இல்லை.

உங்கள் மனைவி விஷயத்தை மட்டும் சும்மா விட்டுவிடாதீர்கள். வீட்டில் இருக்கும் பெற்றோர் வேலைக்குப் போனால் இவ்வளவு சம்பாதிப்பார் என்று ஒரு தொகையைக் கற்பித்து வருமானத்தில் சேர்க்கும் பள்ளிகள் உண்டு. விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு விசா விதி தெரிந்திருக்கும் என்று நம்பி உட்காராதீர்கள். "ஹெச்-4 விசாவில் இருக்கும் என் மனைவிக்கு வேலை அனுமதி அட்டை இல்லை, சட்டப்படி அவர் சம்பாதிக்க முடியாது" என்று இரண்டே வரி எழுதினால் போதும்.

ஊருக்கு அனுப்பும் பணத்தையும் எண்ணோடு எழுதுங்கள். "பெற்றோரைக் கவனித்துக்கொள்கிறேன்" என்று மொட்டையாக எழுதினால் அதை வைத்து எந்தக் கணக்கும் போட முடியாது. "மாதம் 400 டாலர், அப்பாவின் டயாலிசிஸுக்கு" என்று எழுதி, வங்கி ரசீதையும் வைத்தால் பேச வழி உண்டு. மனையைக் கட்டாயம் காட்டுங்கள். யார் பார்க்கப் போகிறார்கள் என்ற நினைப்பு வேண்டாம், படிவத்தில் கையெழுத்துப் போடுவது நீங்கள்.

ஒன்று சொல்ல மறந்தேன். ஐலண்ட் ஸ்கூல் பட்டியலில் இருந்தால், பிள்ளை பஹாமாஸிலிருந்து திரும்பும் நாளிலும் பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரை காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும். பணத்தைக் கட்டும் முன் அதைப் பாருங்கள்.

பையன் இப்போது தனியார் பள்ளியில் படிக்கிறான். அரை வருடம் அங்கே போனால் இங்கேயும் முழு ஃபீஸ் கட்ட வேண்டுமா?

இந்தக் கேள்வியை முதலிலேயே யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். செமஸ்டர் ஸ்கூல் எவ்வளவு தரும் என்பதை விட, உங்கள் பள்ளி எவ்வளவு விட்டுக்கொடுக்கும் என்பதில்தான் பல குடும்பங்களுக்குக் கணக்கு ஜெயிக்கிறது.

சும்மா ஒரு கணக்கு. செமஸ்டருக்கு 36,000, உதவி 20,000, நீங்கள் கட்ட வேண்டியது 16,000. உங்கள் பள்ளியின் வருடக் கட்டணம் 28,000. அவர்கள் பாதியை விட்டால் 14,000 மிச்சம், ஆக உண்மையான கூடுதல் செலவு 2,000தான். "இடத்தைப் பிடித்து வைக்க முழுக் கட்டணமும் வேண்டும்" என்றால் அதே செமஸ்டருக்கு முழு 16,000மும் உங்கள் தலையில். கட்டண அட்டவணையை வைத்துப் பேசாதீர்கள், உங்கள் பள்ளியின் வணிக அலுவலகத்திடம் இமெயிலில் பதில் வாங்குங்கள். அங்கே இப்போது வாங்கும் நிதியுதவி பன்னிரண்டாம் வகுப்பில் அப்படியே தொடருமா என்பதையும் அதே இமெயிலில் கேட்டுவிடுங்கள்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுக்க அங்கே கட்டணமே இல்லை, எல்லாம் புதுச் செலவு. அதற்காகவே அரசுப் பள்ளி மாணவர்களுக்கும் சொந்த மாநில மாணவர்களுக்கும் தனி நிதி வைத்திருக்கும் இடங்கள் உண்டு, விசாரியுங்கள்.

படிப்புக்கென்று வரிச்சலுகையோடு சேமிக்கும் 529 கணக்கில் இருக்கும் பணத்தை எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் எல்லைக்குள். பள்ளி டியூஷனுக்கு, அதாவது பாடக் கட்டணத்துக்கு, ஒரு பிள்ளைக்கு வருடம் 10,000 டாலர் வரை வரியில்லாமல் எடுக்க 2018 முதல் வழி இருக்கிறது. 2026 முதல் அது 20,000. ஆனால் பள்ளிப் படிப்பில் தங்குமிடமும் சாப்பாடும் இதில் சேராது. செமஸ்டர் ஸ்கூல் பில்லில் எல்லாம் ஒரே தொகையாகவே வரும், டியூஷன் பங்கை மட்டும் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் இதைத் தங்கள் வரியில் ஏற்பதில்லை. கவர்டெல் என்ற இன்னொரு வகைக் கல்விச் சேமிப்புக் கணக்கு வைத்திருந்தால் அதில் விடுதிச் செலவும் அடங்கும், ஆனால் அதில் வருடம் 2,000 டாலருக்கு மேல் போட முடியாது என்பதால் பெரிதாக ஒன்றும் சேர்ந்திருக்காது.

இங்கேயே குடியிருக்கும் தாத்தா கட்டினால் கிஃப்ட் டாக்ஸ் வருமா?

டியூஷனை அவர் பள்ளிக்கே நேரடியாகக் கட்டினால் தொகை எவ்வளவானாலும் வராது. விடுதிக் கட்டணத்துக்கு அந்தச் சலுகை இல்லை, அது ஒருவருக்கு வரியில்லாமல் பரிசாகக் கொடுக்கும் வழக்கமான வருட வரம்பில் சேரும், 2025இல் 19,000 டாலர். தாத்தா கட்டப்போவதைப் பள்ளியிடம் சொல்லிவிடுங்கள்.

விவாகரத்தாகிவிட்டது. பிள்ளையின் அப்பா பணம் தர மாட்டார். அவருடைய வருமானத்தையும் கேட்கிறார்களே?

கேட்பார்கள். கோர்ட் உத்தரவில் என்ன இருந்தாலும், பெற்ற இருவருக்கும் பொறுப்பு உண்டு என்றுதான் பள்ளிகள் பார்க்கின்றன, இருவரிடமும் தனித்தனிப் படிவம் வாங்கும். அவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது, அல்லது வன்முறை காரணமாகத் தொடர்பே இல்லை என்றால், வக்கீலோ பள்ளி கவுன்சிலரோ எழுதிய ஒரு கடிதத்தோடு விலக்குக் கேளுங்கள். "தர மாட்டார்" என்ற காரணம் மட்டும் பெரும்பாலும் எடுபடாது.

சின்ன மளிகைக்கடை வைத்திருக்கிறோம். டாக்ஸ் ரிட்டர்னில் லாபம் கம்மிதான், அப்படியும் நிறையக் கட்டச் சொல்கிறார்கள்.

ஃபிரிட்ஜ் மாதிரிக் கடைச் சாமான்களின் தேய்மானத்தைக் கழித்துத்தானே லாபத்தைக் குறைத்தீர்கள்? அது கையிலிருந்து போன காசு இல்லை என்று பல பள்ளிகள் அதை வருமானத்தில் திரும்பச் சேர்த்துவிடும். அந்தப் பணம் நிஜமாகவே ஃபிரிட்ஜ் கடனுக்குத் தவணையாகப் போகிறது என்றால் கடன் பத்திரத்தை அனுப்புங்கள்.

18,000 தருவதாகக் கடிதம் வந்துவிட்டது. இன்னும் 7,000 இடிக்கிறது. திரும்பக் கேட்டால் கோபப்படுவார்களா?

கோபப்பட மாட்டார்கள். எப்படிக் கேட்கிறீர்கள் என்பதுதான் விஷயம். "எங்களால் முடியாது" என்று மூன்று பக்கம் எழுதி, ஒரு எண்கூட இல்லாமல் வரும் கடிதங்களைப் படித்திருக்கிறேன். குழுவுக்கு மனம் இருந்தாலும் அதை வைத்து எதையும் மாற்ற முடியாது.

படிவம் போட்ட பிறகு என்ன மாறியது என்று பாருங்கள். வேலை போயிருக்கலாம், போனஸ் வராமல் இருக்கலாம், ஆஸ்பத்திரி பில் வந்திருக்கலாம், மூத்த பிள்ளை கல்லூரிக்குப் போயிருக்கலாம். அதை ஒரே பத்தியில், ஆதாரத்தோடு, "இந்தத் தொகை வரை எங்களால் முடியும்" என்று முடித்து அனுப்புங்கள். உங்களால் முடிந்த தொகையைச் சொன்னால்தான் இடைவெளி எவ்வளவு என்பது அவர்களுக்குத் தெரியும், மிச்சத்தைத் தேடிப் பார்ப்பார்கள். எதுவும் மாறவில்லை என்றாலும் மாதத் தவணையாவது கேளுங்கள். டெபாசிட் கட்டும் கெடு முடிவதற்குள் இதெல்லாம் நடக்க வேண்டும். நேரம் போதாவிட்டால் கெடுவைத் தள்ளிவைக்க முடியுமா என்று முதலில் ஒரு ஃபோன்.

கட்டணம் தவிர வேறென்ன செலவு வரும்?

விமானம், அப்புறம் சாமான். காட்டிலும் மலையிலும் பல நாள் கூடாரம் போடும் பள்ளி என்றால் நல்ல ஹைக்கிங் பூட்ஸ், மழைக்கோட்டு, குளிருக்கேற்ற ஸ்லீப்பிங் பேக், கம்பளி உள்ளாடை என்று பட்டியல் நீளும். லெட்வில் 10,000 அடிக்கு மேல் இருக்கிற ஊர், கோடைக்கால ஸ்வெட்டரெல்லாம் அங்கே எடுபடாது. பட்டியல் கைக்கு வந்ததும் கடைக்கு ஓடாதீர்கள். இரவல் கொடுக்க எதை வைத்திருக்கிறார்கள், நிதியுதவி பயணத்துக்கும் சாமானுக்கும் பொருந்துமா என்று கேட்டுவிட்டு மிச்சத்தை வாங்குங்கள். பூட்ஸை மட்டும் புதிதாக, ஒரு மாதம் முன்பே வாங்கிப் பழக்கிவிடுங்கள்.

கடன் வாங்கலாமா?

அரை வருடப் படிப்புக்கா? பின்னாலேயே கல்லூரிச் செலவு வருகிறது. நானாக இருந்தால் வாங்க மாட்டேன்.

பிள்ளை நடுவில் திரும்பி வந்துவிட்டால் கட்டிய பணம் போச்சா?

பெரும்பாலும் ஆமாம். சேர்க்கை ஒப்பந்தத்தில் அதற்கென்று ஒரு பத்தி இருக்கும், கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். டியூஷன் இன்ஷூரன்ஸ் எடுக்க வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். உடல்நலக் காரணத்துக்கும், வீட்டு ஏக்கத்தால் கிளம்பி வருவதற்கும் அதில் ஒரே விகிதத்தில் பணம் திரும்பாது. எதற்கு எவ்வளவு என்று பாலிசியைப் பார்த்துவிட்டு எடுங்கள்.