வைஃபை கோடு முழுசா இருக்கு, நெட் மட்டும் இல்லை

கேள்வி: பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் முதுகலை வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். விடுதியில் வைஃபை கோடு முழுசாகக் காட்டுகிறது, ஆனால் லாகின் பக்கம் வருவதே இல்லை. வந்தாலும் ‘அனுமதித்த சாதனங்கள் முடிந்துவிட்டன’ என்கிறது. என்னிடம் இருப்பது ஒரு போன், ஒரு லேப்டாப், அவ்வளவுதான். ராத்திரி 9 மணிக்கு மேல் ஆமை வேகம். லீவுக்குக் களக்காடு போனால், லைப்ரரியில் இலவசமாகத் திறந்த அதே ஆய்வுக் கட்டுரை வீட்டில் காசு கேட்கிறது. நான் என்ன தப்பு செய்கிறேன்?

பதில்: ஒரு தப்பும் இல்லைம்மா. வீட்டு வைஃபைக்குப் பாஸ்வேர்டு தெரிந்தால் போதும், யாரையும் உள்ளே விட்டுவிடும். வளாக வைஃபை அப்படியில்லை. நீ யார், எந்தக் கருவி, எங்கிருந்து வருகிறாய் என்று வாசலிலேயே மூன்று கேள்வி கேட்கும். கணினி மையத்தில் என் மேஜைக்கு வரும் புகார்களில் முக்கால்வாசி இந்த வாசலில் சிக்கியவைதான். உள்ளே இணைப்பு பாட்டுக்கு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்.

முதலில் லாகின் பக்கம். வைஃபையில் சேர்ந்ததும் போன் ஒரு சின்ன சோதனை முகவரியைத் தட்டிப் பார்க்கும். கல்லூரி நெட்டின் காவலாளியான ஃபயர்வால் அதை வழிமறித்து லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிடும். இதைக் கெடுப்பவை இரண்டு: எப்போதும் ஓடும் விபிஎன் (உங்கள் இணைப்பை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றிவிடும் செயலி), இன்னொன்று பிரைவேட் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை வைத்து அதன் முகவரியைத் தேடும் வேலையை நீங்கள் குறிப்பிடும் சர்வரிடம் கொடுக்கும் வசதி). ஆண்ட்ராய்டு 9-லிருந்து இந்த இரண்டாவது வசதி செட்டிங்ஸிலேயே இருக்கிறது. விளம்பரம் வராமல் இருக்க யாரோ சொன்னார்கள் என்று அதில் ஒரு முகவரியைப் போட்டுவிட்டு மறந்துபோனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். லாகின் முடியும்வரை இரண்டையும் அணைத்துவையுங்கள். அப்படியும் பக்கம் வராவிட்டால் பிரவுசரில் நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் என்ற தளத்தைத் திறந்து பாருங்கள். பூட்டு போட்ட, அதாவது https என்று தொடங்கும் தளங்களை ஃபயர்வாலால் சுத்தமாகத் திருப்ப முடியாது, சான்றிதழ் எச்சரிக்கைதான் வரும். இந்தத் தளம் பூட்டில்லாதது, அதனால் திருப்பிவிடும். போனில் தேதி, நேரம் சரியாக இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் உண்மையான வில்லன் ‘சாதனங்கள் முடிந்துவிட்டன’ என்ற செய்திதான். ஒவ்வொரு கருவிக்கும் மேக் முகவரி என்று 12 எழுத்தில் ஓர் அடையாளம் உண்டு. கல்லூரி அதை வைத்துத்தான் கருவிகளை எண்ணுகிறது. ஆனால் ஆண்ட்ராய்டு 10, ஐஃபோனில் ஐஓஎஸ் 14 தொடங்கி, போன்கள் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் ஒரு பொய் முகவரியைத் தாமாகவே உண்டாக்கிக் கொடுக்கின்றன. கடைத்தெருவில் யாரும் உங்களைப் பின்தொடராமல் இருக்க நல்ல ஏற்பாடு. வளாகத்தில் அதுவே தலைவலி. லைப்ரரியில் ஒரு வைஃபை பெயர், விடுதியில் வேறு பெயர் என்றால் உங்கள் ஒரே போன் இரண்டு கருவியாகக் கணக்கில் ஏறிவிடும். அதோடு லேப்டாப்பும் சேர்ந்தால் மூன்று. உங்கள் கல்லூரி இரண்டுதான் அனுமதிக்கிறது என்றால் கதவு சாத்தப்படும்.

உங்கள் போனிலேயே சோதித்துப் பார்க்கலாம். வைஃபை விவரத்தில் மேக் முகவரியின் இரண்டாவது எழுத்தைப் பாருங்கள். அது 2, 6, A, E இவற்றில் ஒன்றாக இருந்தால் பொய் முகவரி. விடுதி வைஃபையின் பெயரைத் தொட்டு, பிரைவசி என்ற இடத்தில், கருவியின் சொந்த மேக்கைப் பயன்படுத்தும்படி மாற்றுங்கள். ஐஃபோனில் பிரைவேட் வைஃபை அட்ரஸ் என்று இருக்கும், அதை அணைத்தால் போதும். லைப்ரரி வைஃபைக்கும் இதே வேலை. பிறகு கணினி மையத்துக்குப் போய், உங்கள் பெயரில் தங்கிப்போன பழைய முகவரிகளை அழிக்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை. வீட்டிலும் வெளியிலும் பொய் முகவரி இருந்தபடியே இருக்கட்டும்.

அப்புறம் ராத்திரி வேகம். தெருக்குழாயில் குடம் பிடித்திருக்கிறீர்களா? வைஃபையும் அதே கதை, ஒரு நேரத்தில் ஒரு குடம்தான். கோடியறையில் ஒற்றைக்கோட்டில் படம் பார்ப்பவரின் போன் குறுகிய வாய்க் குடம் மாதிரி, நிரம்பவே நேரம் எடுக்கும். பின்னால் நிற்பவர்கள் காத்திருக்க வேண்டியதுதான். இதற்கு நடுவில் “ஏட்டி, உன் ஹாட்ஸ்பாட்டைப் போடு” என்று அறைக்கு ஒன்று கிளம்பினால் நிலைமை இன்னும் மோசம். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று இடிக்காத சேனல்கள், அதாவது தனித்தனிப் பாதைகள், 1, 6, 11 என்று மூன்றே மூன்று. 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் தெரிந்தால் அதில் சேருங்கள். சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும், அதனால் வைஃபை பெட்டி மாட்டிய வராந்தா பக்கமாக உட்காருங்கள். லேப்டாப்பில் அந்த வைஃபையை மீட்டர்டு (அளவோடு செலவழிக்க வேண்டிய இணைப்பு) என்று குறித்துவிட்டால் விண்டோஸ் அப்டேட்டுகள் பெரும்பாலும் தள்ளிப்போகும். பெரிய டவுன்லோடுகளை விடிகாலை ஐந்து மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

களக்காட்டு விஷயத்துக்கு வருவோம். பதிப்பகத்தின் தளம் உங்கள் முகத்தையா பார்க்கிறது? நீங்கள் வரும் ஐபி முகவரியை, அதாவது உங்கள் இணைய இணைப்பின் எண்ணைப் பார்க்கிறது. கல்லூரி முகவரியிலிருந்து வந்தால் சந்தாதாரர், வீட்டிலிருந்து வந்தால் வழிப்போக்கர். அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு 2025 ஜனவரி 1 முதல் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் வந்திருக்கிறது. 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள். ஆனால் பாளையங்கோட்டையின் பழைய கல்லூரிகளில் பல அரசு உதவி பெறுபவை. அங்கே நீங்கள் கேட்க வேண்டியது என்-லிஸ்ட், கல்லூரிகளுக்கு மின்னிதழ்களைத் திறந்துவிடும் திட்டம். காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்துவது அது. கல்லூரி அதில் சேர்ந்திருந்தால் நூலகர் உங்கள் பெயரில் ஐடி வாங்கித் தருவார், களக்காட்டிலிருந்தும் அது வேலை செய்யும். லீவுக்குக் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். பஸ் ஏறிய பிறகு நூலகரைப் பிடிப்பது கஷ்டம்.

புராஜெக்டுக்குப் பழைய ஆய்வேடுகள் வேண்டுமென்றால் எந்த ஐடியும் தேவையில்லை. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் ஷோத்கங்கா தளத்தில் நம் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக ஆய்வேடுகள் முழுசாகவே கிடைக்கும். அவற்றின் பின்பக்க மேற்கோள் பட்டியலே பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் ஒரு மாணவர் டவுன்லோடர் ஒன்றைப் போட்டு ஒரு இதழின் எல்லாக் கட்டுரைகளையும் ஒரே ராத்திரியில் இறக்கப் பார்த்தார். காலையில் பதிப்பகம் வளாகத்தின் ஐபியையே தடுத்துவிட்டது. அந்த வாரம் சமர்ப்பிக்க வேண்டியவர்கள் என் அறை வாசலில் வந்து நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதேபோல லாகின் பாஸ்வேர்டை அறைத் தோழிக்குக் கொடுக்காதீர்கள். அவர் செய்வதெல்லாம் பதிவேட்டில் உங்கள் பெயரில்தான் ஏறும்.

இதையெல்லாம் செய்தும் சரியாகவில்லை என்றால் கணினி மையத்துக்குப் போங்கள், ஆனால் வெறுங்கையோடு வேண்டாம். “நெட் வேலை செய்யலை சார்” என்றால் நானும் “பார்க்கிறேன்” என்றுதான் சொல்வேன். அறை எண், நடந்த நேரம், மேக் முகவரி, திரையில் வந்த செய்தியின் போட்டோ, பக்கத்து அறையில் வருகிறதா இல்லையா என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்தால், பதிவேட்டில் அந்த நிமிஷத்தையே எடுத்துப் பார்த்துவிடலாம்.