ஆசிரியரின் அதிகாரமும் பணிவும்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் கேள்வி பதில்

கேள்வி (புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியை): மாணவர் முன்னால் தவற்றை ஒப்புக்கொண்டால் மதிப்புப் போய்விடாதா, ஐயா?

பதில்: போகாது, அம்மா. நான் பணிக்கு வந்த இரண்டாம் ஆண்டில், ஒன்பதாம் வகுப்புக் கரும்பலகையில் ‘அவன் பலமுறை முயற்சித்தான்’ என்று எழுதினேன். மூன்றாம் வரிசையிலிருந்த மாணவி எழுந்து, “ஐயா, ‘முயன்றான்’ என்றுதானே வர வேண்டும்?” என்று கேட்டாள். ‘முயல்’ என்பதே வினையடி. ‘முயற்சி’ அதிலிருந்து பிறந்த பெயர். அவள் சொன்னது சரி என்று அப்போதே தெரிந்தும், நாற்பது பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தில், “நீ எனக்குப் பாடம் எடுக்கிறாயா?” என்று அதட்டி, மணி அடிக்கும்வரை அவளை நிற்கவைத்தேன். அதன்பின் விடைத்தாள் வாங்க வரும்போதுகூட அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பத்து நாள் கழித்து அதே பலகையில் இரண்டு சொற்களையும் எழுதி, அவள் சொன்னதே சரி, நிற்கவைத்தது என் தவறு என்று சொன்னேன். மற்ற பிள்ளைகள் அன்று முதல் தயங்காமல் கேட்கத் தொடங்கினார்கள். அவள் மட்டும் அந்த ஆண்டு முழுவதும் வாய் திறக்கவில்லை. வகுப்பின் முன்னால் செய்த தவற்றை வகுப்பின் முன்னாலேயே திருத்துங்கள். அதையும் மறுநாளே செய்யுங்கள்.

கேள்வி (ஒரு தந்தை): வகுப்பில் மகனை இழிவாகப் பேசுகிறார்கள். புகார் செய்தால் செய்முறை மதிப்பெண்ணில் கைவைப்பார்கள் என்று பிளஸ் டூ படிக்கும் அவன் அஞ்சுகிறான்.

பதில்: அந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. அறிவியல் பாடங்களில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்று மதிப்பெண் பிரிகிறது; அந்தப் பத்து முழுக்கப் பள்ளியின் கையிலேயே இருக்கிறது. தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுத்துப் படியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். பலன் இல்லையென்றால் கல்வித்துறையின் 14417 எண்ணை அழையுங்கள்.

கேள்வி (மூவர் கேட்டது): அடியாத மாடு படியாது என்பார்களே?

பதில்: அது மாட்டைப் பற்றிய பழமொழி. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் சேர்த்தே தடுக்கிறது.

கேள்வி (ஓர் ஆசிரியர்): பிரம்பையும் பிடுங்கிவிட்டார்கள், எங்களிடம் இப்போது என்ன அதிகாரம் இருக்கிறது?

பதில்: யாரை எழுப்பிக் கேள்வி கேட்பது, யாரைக் கடைசி வரிசையிலேயே விட்டுவிடுவது, யாரை ‘மக்கு’ என்று அழைப்பது ஆகியவை இன்றும் உங்கள் கையில்தான் இருக்கின்றன, நண்பரே. நல்லாசிரியருக்கு நிலத்தையும் மலையையும் மலரையும் சொன்ன நன்னூல், நிறைகோல் எனும் துலாக்கோலையும் சேர்த்துச் சொன்னது. இரண்டு தட்டுக்கும் நடுவில் நில்லாத துலாக்கோல் எடைபோட உதவாது. ஆசிரியர் ஆகாதவருக்கு அது காட்டும் மடற்பனையையும் நினைத்துப் பாருங்கள்: தானாக விழுந்தால் பழம் கிடைக்கும், ஏறிப் பறிக்கப் போனால் மட்டையின் கருக்கு கிழிக்கும்.

கேள்வி (அதே ஆசிரியர்): பிள்ளைகள் எங்களை மதிப்பதில்லையே?

பதில்: சிலர் மதிப்பதில்லை என்பது உண்மை, அந்த வேதனையை நானும் அறிவேன். ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளையின் வாய்த்துடுக்கையும், அவன் மதிப்பெண்ணைக் கையில் வைத்திருப்பவரின் கடுஞ்சொல்லையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியாது.

கேள்வி: முனைவர்பட்ட நெறியாளர் வீட்டு வேலை வாங்குகிறார். என்ன செய்வது?

பதில்: நான் பள்ளி ஆசிரியன்; பல்கலைக்கழக விதிகளை அறிந்த ஒருவரைக் கேளுங்கள்.

கேள்வி: ஒரே ஓர் அடி, செல்லமாக?

பதில்: மாட்டைப் பற்றிச் சொன்ன பதிலை மீண்டும் படியுங்கள்.