வெளிநாட்டு அரசு மானியம்: மதிப்பெண் பட்டியல் சான்றாகுமா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்து எல்லையோர ஊர்களில் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மாலை நேர வாசிப்பு வகுப்பு நடத்தும் சிறிய சங்கம் எங்களுடையது. சான்றின் அடிப்படையில் வளர்ச்சித் திட்டங்களுக்கு வெளிநாட்டு அரசுகள் தரும் மானியத்துக்கு விண்ணப்பிக்க எண்ணுகிறோம். வகுப்பில் சேர்ந்தபோதும் ஆண்டு முடிவிலும் பிள்ளைகள் எடுத்த மதிப்பெண்கள் கைவசம் உள்ளன, அவை போதுமா? வெளிநாட்டு நிதி பெறுவதை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டப்படியான பதிவு எங்களுக்கு இல்லை, அது உள்ள பெரிய அமைப்பு ஒன்றின் வழியாகப் பணத்தைப் பெறலாமா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: இரண்டாவது கேள்விக்கு விடை சுருக்கமானது: பெற முடியாது. ஓர் அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டு நிதியை இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தருவதை 2020ஆம் ஆண்டுத் திருத்தம் தடை செய்துவிட்டது. வெளிநாட்டு அரசின் முகமை தரும் பணமும் இச்சட்டத்துக்குள் அடங்கும். பதிவு பெற, சங்கம் மூன்று ஆண்டுகள் இயங்கி, அக்காலத்தில் தன் நோக்கங்களுக்காக 15 லட்சம் ரூபாய் செலவிட்டிருக்க வேண்டும். அந்த அளவை எட்டாதவர்கள், குறிப்பிட்ட நன்கொடையாளரிடமிருந்து குறிப்பிட்ட தொகையைப் பெற உள்துறை அமைச்சகத்திடம் முன் அனுமதி கோரலாம். அதற்கு நன்கொடையாளரின் உறுதிக் கடிதம் வேண்டும். எவ்வழியாயினும் பணம் முதலில் புதுதில்லி பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்குக்கே வந்து சேரும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

மதிப்பெண் பட்டியலைப் பொறுத்தவரை, அதை மட்டும் அனுப்பினால் எடுபடாது என்பதே என் கருத்து. ஓராண்டில் பிள்ளைகள் எப்படியும் கொஞ்சம் முன்னேறுவார்கள். பள்ளி ஆசிரியரின் உழைப்பும் அதில் இருக்கும். உங்கள் வகுப்பு இல்லாதிருந்தால் இதே பிள்ளைகள் எங்கே இருந்திருப்பார்கள் என்பதுதான் மதிப்பீட்டாளரின் கேள்வி. ராஜஸ்தானின் உதயப்பூர் மாவட்டத்தில் தடுப்பூசி பற்றி நடந்த ஆய்வு இக்கேள்வியை எப்படி எதிர்கொண்டது என்று பாருங்கள். எதுவும் செய்யாத ஊர்களில் 6 சதவீதக் குழந்தைகளே முழுத் தடுப்பூசி பெற்றிருந்தனர். தவறாமல் முகாம் நடந்த ஊர்களில் 18 சதவீதம். முகாமோடு பருப்பும் தட்டும் தந்த ஊர்களில் 39 சதவீதம். முதல் எண் இல்லையெனில் மற்ற இரண்டுக்கும் பொருளே இல்லை.

வகுப்பு வேண்டுமென்று கேட்கும் ஊர்கள் உங்களால் நடத்தக்கூடியதைவிட அதிகமாக இருந்தால், இவ்வாண்டு எங்கே தொடங்குவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். தலைவருக்கு வேண்டிய ஊர் என்ற பேச்சும் எழாது (நம் பக்கத்தில் அதுவே பெரிய நிம்மதி). ஒரே ஊருக்குள் பிள்ளைகளைப் பிரிக்காதீர்கள். வகுப்புக்கு வரும் அக்கா வராத தம்பிக்கு வீட்டில் சொல்லிக் கொடுத்துவிடுவாள். வகுப்பு தொடங்கிய ஊர், இன்னும் தொடங்காத ஊர் என இரு வகை ஊர்களிலும் எழுத்து, சொல், பத்தி, கதை என்ற வரிசையில் பிள்ளையை வாசிக்கச் சொல்லி, எதுவரை தடுமாறாமல் வந்தது என்று குறிக்க வேண்டும். குறிப்பவர் உங்கள் வகுப்பாசிரியராக இருக்கலாகாது. ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவைக் கணக்கிடும்போது, கோயில் மண்டபம் இலவசமாகக் கிடைத்திருந்தாலும் அதற்கு நியாயமான வாடகை போட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வகை மானியத்துக்கு முன்னோடியாக 2010இல் தொடங்கிய அமெரிக்கத் திட்டம், அதை நடத்திய அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி முகமையான யு.எஸ்.எய்ட் 2025இல் மூடப்பட்டதால், பழைய வடிவில் இன்று இல்லை. பிரெஞ்சு வளர்ச்சி முகமையைச் சார்ந்து பொருளியல் அறிஞர் எஸ்தர் டுஃப்லோ தலைமையில் இயங்கும் நிதியமும் படிப்படியாகவே தருகிறது. முன்னோட்டக் கட்டத்துக்கு 2 லட்சம் யூரோ வரை, பரிசோதனைக் கட்டத்துக்கு 15 லட்சம் யூரோ வரை. நீங்கள் முன்னோட்டக் கட்டத்துக்கு மேல் கேட்க வேண்டாம். அதற்கும் முன்பாக, பதிவா முன் அனுமதியா என்பதை உங்கள் பட்டயக் கணக்கரோடு அமர்ந்து இம்மாதமே முடிவு செய்துவிடுங்கள்.