பருத்தித் துணி இறக்குமதி: சப்ளையர் இன்வாய்ஸில் போட்ட எச்.எஸ். குறியீட்டையே நாமும் போடலாமா?

அப்படியே எடுத்துப் போடாதீர்கள். எச்.எஸ். குறியீடு என்பது எந்தச் சரக்கு என்று சுங்கத்துக்குச் சொல்லும் எண். அதில் முதல் 6 இலக்கம்தான் உலகத்துக்குப் பொது. இந்தியாவில் 8 இலக்கம். அதில் வேட்டி, புடவை, லுங்கிக்கெல்லாம் தனித்தனி எண் உண்டு. அந்த 6 இலக்கத்தைக்கூட அவர் பார்த்துப் போட்டிருப்பார் என்று நம்ப முடியாது. 2011 முதல் இங்கே சுய மதிப்பீடு, அதாவது குறியீட்டையும் வரியையும் இறக்குமதி செய்பவரே கணித்துச் சொல்ல வேண்டும். சுங்கத்தில் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரியில் தப்பு வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

நான் சுங்க கிளியரிங் வேலையில் இருக்கிறேன். துணி என்றதும் முதலில் கேட்பது, தறியில் நெய்ததா, பின்னியதா? பனியன் துணி மாதிரிப் பின்னியது என்றால் பருத்திக்கான 52ஆம் அத்தியாயத்துக்கே (அத்தியாயம் என்பது குறியீட்டின் முதல் 2 இலக்கம்) வராது, பின்னல் துணிக்கான 60க்குப் போய்விடும். 2025 பட்ஜெட்டில் சில பின்னல் துணிகளுக்கு 20 சதவீதம் அல்லது கிலோவுக்கு 115 ரூபாய், எது அதிகமோ அது என்று வரி வைத்துவிட்டார்கள்.

நெய்த துணியா? எடையில் பருத்தி 85 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 5208 அல்லது 5209. அதற்குக் கீழே போனாலும் பருத்திதான் அதிகம், கலந்தது பாலியஸ்டர் போன்ற செயற்கை இழை என்றால் 5210 அல்லது 5211. சரிபாதி கலவையில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். எந்த இழையும் எடையில் மிஞ்சவில்லை என்றால், எண் வரிசையில் கடைசியாக வரும் தலைப்பில் (முதல் 4 இலக்கம்) வைக்க வேண்டும் என்பது விதி. எனவே ஸ்டேப்பிள் (குட்டை இழை) பாலியஸ்டர் பாதி, பருத்தி பாதி என்றிருந்தால் அது 55ஆம் அத்தியாயம். பெயரில் காட்டன் இருக்கிறதே என்று 52இல் போட்டுவிடாதீர்கள்.

அப்புறம் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை கிராமில். 85 சதவீதமோ அதற்கு மேலோ பருத்தி உள்ள துணியில் 200 வரை 5208, தாண்டினால் 5209. ஒரு சின்ன வியாபாரியின் ட்வில் துணி இன்வாய்ஸில் 198 என்று வந்தது, லேபில் 206. வரி வித்தியாசத்தைவிட, ரிப்போர்ட் வரும்வரை கன்டெய்னர் நின்றதற்கான டெமரேஜ் (தாமதக் கட்டணம்)தான் அவர் லாபத்தைத் தின்றது. அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தார். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறாது. பருத்தி காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அதனால் லேபில் 65 சதவீத ஈரப்பதத்தில் துணியை வைத்திருந்துதான் எடை பார்ப்பார்கள். மழைக்காலத்தில் குடோனில் பார்த்த எடையை நம்பிக் குறியீடு போடவே போடாதீர்கள்.

டர்க்கி டவல் ரோலாக வந்தால் 5802. ஓரம் மடித்துத் தைத்து வந்தால் 6302. செவ்வகமாக வெட்டி ஓரம் பிசிறாக இருந்தால் இன்னும் துணிதான். ஆனால் தறியிலேயே இடைவெளி விட்டு நெய்து, அங்கே கத்தரித்தாலே துண்டு தயார் என்றால், தைக்காவிட்டாலும் 6302தான்.

ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு மீட்டர் துணி வரவழைத்து இழை விகிதத்தையும் ஜிஎஸ்எம்மையும் டெஸ்ட் செய்துவிடுங்கள். ஒரே துணி தொடர்ந்து வரப்போகிறது என்றால் குறியீட்டை முன்கூட்டியே தீர்த்துச் சொல்லும் சுங்க முன்தீர்ப்பு ஆணையத்திடம் விண்ணப்பிக்கலாம். டெல்லியிலும் மும்பையிலும் இருக்கிறது. சரக்கு ஏற்கெனவே துறைமுகத்துக்கு வந்து லேப் ரிப்போர்ட்டுக்காக நிற்கிறதா? தற்காலிக மதிப்பீடு கேட்டு, பாண்டும் (உறுதிப் பத்திரம்) உத்தரவாதமும் கொடுத்து வெளியே எடுக்க முடியுமா என்று உங்கள் ஏஜென்டிடம் இன்றைக்கே கேளுங்கள். அந்த ட்வில் வியாபாரியிடம் இப்படி ஒரு வழி இருக்கிறது என்றே யாரும் சொல்லவில்லை.